வெயிலை அளந்து வாங்குங்கள்

வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் இருக்கிறோம். ஆனாலும் ரத்தப் பரிசோதனை எடுத்தால் பலருக்கும் வைட்டமின் டி குறைவு என்றே வருகிறது. அதே ஆளின் நெற்றியும் கன்னமும் கருத்து, மங்கு படர்ந்திருக்கும். இரண்டும் ஒரே உடம்பில் எப்படி? முகம், பின்கழுத்து, புறங்கை ஆகிய மூன்றும் தினமும் கேட்காமலே வெயில் வாங்குகின்றன. முதுகு, மேல்கை, கால் போன்ற பெரிய பகுதிகள் வெயிலையே பார்ப்பதில்லை. சிறிய இடத்துக்கு மிகுதி, பெரிய இடத்துக்குப் பட்டினி. இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவதற்கான செய்முறைதான் இந்த அத்தியாயம்.

மருந்தைப் போலவே வெயிலுக்கும் மூன்று கேள்விகள் உண்டு: எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு நேரம்?

## தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று விஷயங்கள்

யுவிபி: தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது இந்தப் புற ஊதாக் கதிர்தான். தோலைச் சிவக்கவைத்து எரிச்சல் தருவதும் பெரும்பாலும் இதுதான். சாதாரண ஜன்னல் கண்ணாடி இதைத் தடுத்துவிடும்.

யுவிஏ: இதுவும் புற ஊதாக் கதிரே. தோலின் ஆழம்வரை போய்ச் சுருக்கம், தளர்ச்சி, கருமை ஆகியவற்றைக் கொண்டுவரும். கண்ணாடியைத் தாண்டி வரும்.

மெலனின்: நம் தோலின் நிறம் ஓரளவு இயற்கையான குடை. எரிச்சலையும் தோல் புற்றுநோயையும் குறைக்கிறது. ஆனால் யுவிபியையும் மறைப்பதால், வெளிர்நிறத் தோலைவிடக் கருநிறத் தோல் அதிக நேரம் வெயிலில் இருந்தால்தான் அதே அளவு வைட்டமின் டி உண்டாகும். வெளிநாட்டுப் புத்தகங்களில் உள்ள "ஐந்து நிமிடம் போதும்" என்ற கணக்கு நமக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

கோட்பாடு இவ்வளவு போதும். செய்முறைக்குப் போகலாம்.

## முதல் வேலை: நிழலை அளப்பது

கடிகாரத்தைவிட நிழலே நம்பகமானது. சமதரையில் நிமிர்ந்து நின்று உங்கள் நிழலைப் பாருங்கள்.

1. நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால், யுவிபி குறைவு. நடைப்பயிற்சிக்கு நல்ல நேரம். வைட்டமின் டிக்குப் பெரிதாக உதவாது.
2. நிழல் உங்கள் உயரத்துக்கு ஏறக்குறைய சமம் என்றால், வெயில் வாங்கத் தொடங்கும் நேரம் இதுதான்.
3. நிழல் உயரத்தில் பாதிக்கும் குறைவு என்றால், உச்சி வெயில். வைட்டமின் டி வேகமாக உண்டாகும், தோலும் அதே வேகத்தில் புண்படும். வெளியே நெடுநேரம் நிற்க வேண்டாம்.

சென்னையில் சித்திரை மாதம் காலை 9 மணிக்கே நிழல் ஆளுயரத்துக்குக் குறுகிவிடும். மார்கழியில் அதற்கு 10.15 ஆகும். மாலையில் சித்திரையில் 3 மணிக்கு மேலும், மார்கழியில் 2 மணிக்குச் சற்று முன்பும் நிழல் மறுபடி ஆளுயரத்துக்கு நீளும். ஆக, தமிழ்நாட்டில் எந்த மாதத்திலும் வைட்டமின் டிக்கான வெயில் கிடைக்காமல் போவதில்லை.

பலரும் செய்யும் தவறு: "இளவெயில்தான் நல்லது" என்று காலை 6.30 மணிக்கு மொட்டை மாடியில் நிற்பது. உடம்புக்கு இதமாக இருக்கும், தூக்கமும் ஒழுங்குபடும். ஆனால் அந்த நேரத்தில் சூரியன் தாழ்ந்திருப்பதால் யுவிபி கதிர் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. திருப்பதியில் நடந்த ஆய்வு ஒன்றில், காலை 11 முதல் பிற்பகல் 2 மணிவரைதான் வைட்டமின் டி அதிகமாக உண்டாகிறது என்று தெரியவந்தது. அதற்காக நட்டநடுப் பகலில் போய் நிற்க வேண்டியதில்லை. நிழல் ஆளுயரத்துக்கு வந்த பிறகான முதல் அரை மணி நேரம், பயனும் பாதுகாப்பும் ஓரளவு ஒத்துப்போகும் நேரம்.

## வெயில் வாங்கும் முறை

தேவையானவை: அரைக்கை பனியன் அல்லது தளர்வான சட்டை, முழங்கால்வரை மடித்துக் கட்டிய வேட்டி அல்லது கைலி, அகன்ற விளிம்புள்ள தொப்பி, செருப்பு, ஒரு செம்புத் தண்ணீர், நேரம் காட்டும் கைப்பேசி.

1. கிளம்புமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.
2. முகத்தையும் பின்கழுத்தையும் தொப்பியாலோ துண்டாலோ மறையுங்கள். இந்த இரண்டும் ஏற்கெனவே போதுமான வெயிலைப் பார்த்துவிட்டன.
3. முன்கை, மேல்கை, முழங்காலுக்குக் கீழே ஆகியவற்றைத் திறந்து வையுங்கள். வீட்டு மாடி, கொல்லைப்புறம் என்று மறைவான இடமிருந்தால் முதுகையும் திறக்கலாம். திறக்கும் பரப்பு கூடக் கூட, நிற்க வேண்டிய நேரம் குறையும்.
4. முதல் வாரம் 5 முதல் 10 நிமிடம் மட்டும். பாதி நேரம் முன்பக்கம், பாதி நேரம் பின்பக்கம்.
5. அன்று மாலை தோலைப் பாருங்கள். எரிச்சல், அரிப்பு, தொட்டால் வலி, சிறு கொப்புளம் எதுவும் இல்லையென்றால் அடுத்த வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள்.
6. மாநிறத் தோலுக்கு 15 முதல் 20 நிமிடம், நல்ல கருநிறத் தோலுக்கு 20 முதல் 30 நிமிடம் என்ற அளவில் நிறுத்திவிடுங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் போதும்.
7. குறித்த நேரத்துக்கு முன்பே தோல் சுள்ளென்று எரிந்தால் உடனே நிழலுக்கு வாருங்கள். நேரத்தை முடித்தே தீருவேன் என்று நிற்கக் கூடாது.
8. முடிந்ததும் பச்சைத்தண்ணீரில் கை கால் கழுவி, தோல் வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

குறிப்பு: நேரத்தைக் கூட்டினால் வைட்டமின் டியும் கூடிக்கொண்டே போகாது. ஓர் அளவுக்குப் பிறகு தோல், உண்டான சரக்கையே பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும். கூடுதல் நேரத்தில் கூடுவது சேதம் மட்டுமே.

கால் எச்சரிக்கை: சர்க்கரை நோயாளிகளில் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மொட்டை மாடித் தளமும் கோயில் பிராகாரக் கருங்கல்லும் சுடுவது தெரியாமலே பாதம் வெந்துவிடும். அவர்கள் மாடியில் செருப்பில்லாமல் நிற்கக் கூடாது. வெயில் ஏறிய பிறகு கோயில் சுற்றுவதாக இருந்தால் கனத்த காலுறை போட்டுக்கொள்ளலாம். திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

## யார் இந்த முறையைச் செய்யக் கூடாது?

மருத்துவரைக் கேட்காமல் கீழ்க்கண்டவர்கள் தொடங்க வேண்டாம்:

- லூபஸ் நோய் உள்ளவர்கள். வெயில் பட்டதும் கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்பது இதன் ஓர் அடையாளம்.
- வெயில் பட்டதும் கையிலும் கழுத்திலும் சிறு சிறு தடிப்பும் அரிப்பும் வருகிற வெயில் ஒவ்வாமைக்காரர்கள்.
- பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள். இவர்களுக்கு வெயிலால் வரும் தோல் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம்.
- வெண்புள்ளி உள்ளவர்கள். புள்ளி இருக்கும் இடம் சீக்கிரம் எரிந்துவிடும். இவர்களுக்கான ஒளி சிகிச்சை, 311 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றிய யுவிபி விளக்கில், மருத்துவமனையில் அளந்து தரப்படுவது. மாடி வெயில் அதற்கு மாற்று இல்லை.
- டாக்சிசைக்ளின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், ரத்த அழுத்தத்துக்கான தயாசைடு வகை நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இவை தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைக்கும். வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சலைத் தடுக்க டாக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள். சேறு அள்ளும் வேலையில் இருப்பவர்கள் முழுக்கைச் சட்டை போடுவது நல்லது.

## எண்ணெய், எலுமிச்சை, கார்போகரிசி

நம் வீடுகளில் தோலுக்குப் பூசும் பொருள்கள் சில, வெயிலோடு சேர்ந்தால் பகையாகிவிடும்.

எலுமிச்சைச் சாறு: முகம் பளிச்சென்று ஆகும் என்று தேய்த்துவிட்டு வெளியே போகிறார்கள். சாற்றில் உள்ள சில பொருள்கள் யுவிஏ பட்டதும் தோலைச் சுட்டுவிடும். ஓரிரு நாளில் கொப்புளம், பிறகு வாரக்கணக்கில் மறையாத கருந்தழும்பு. சர்பத் கடையில் நாள் முழுக்கப் பழம் பிழிகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெயிலுக்கு வர வேண்டும்.

கார்போகரிசி: நலங்கு மாவில் சேர்ப்பார்கள். வெண்புள்ளிக்கும் பூசச் சொல்வார்கள். இதிலுள்ள சோராலென் தோலை வெயிலுக்குப் பல மடங்கு கூச்சப்பட வைக்கும். அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நின்று கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. குளியல் மாவில் இருந்தால் நன்றாக அலசுங்கள். தனியாகப் பூசுவதை மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் செய்யுங்கள்.

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்: வறட்சிக்கு நல்லது. வெயிலைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது.

"வெள்ளையாக்கும்" களிம்புகள்: மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் மாதம் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயிலில் இறங்கினாலே சிவந்து எரியும். நிறுத்துவதையும் தோல் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

## அளவுக்கு மேல் வெயில் படும்போது: தற்காப்பு வரிசை

பலர் சன்ஸ்கிரீனில் தொடங்குகிறார்கள். அது வரிசையில் கடைசி.

1. நேரத்தை மாற்றுங்கள். நிழல் குட்டையாக இருக்கும்போது செய்யும் வேலையைக் காலைக்கோ மாலைக்கோ தள்ள முடியுமா என்று பாருங்கள்.
2. நிழலைத் தேடுங்கள். அடர்ந்த வேப்பமரமும் புங்கமரமும் நல்ல நிழல். கடற்கரையில் குடைக்கு அடியில் இருந்தாலும் வானத்திலிருந்து சிதறிவரும் கதிரும் மணலில் பட்டுத் திரும்பும் கதிரும் உங்களை வந்து சேரும். காய்ந்த கடல் மணல் சுமார் 15 சதவீதம் கதிரைத் திருப்பி அனுப்புகிறது.
3. துணியால் மூடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடாகத் தெரியாத துணி நல்லது. இழை நெருக்கமும் அடர்ந்த நிறமும் கூடுதல் காப்பு. வியர்வையில் நனைந்து ஒட்டிய மெல்லிய வெள்ளைச் சட்டை கதிரை அதிகமாக உள்ளே விடும். குடையிலும் கறுப்புக் குடையே கதிரை அதிகம் தடுக்கும்.
4. கண்ணைக் காப்பாற்றுங்கள். வருடக்கணக்கான வெயில் கண்புரைக்கும், வெள்ளைவிழியிலிருந்து சதை படர்வதற்கும் வழிவகுக்கும். "யுவி 400" என்று குறித்த கண்ணாடியே வாங்குங்கள். கறுப்பாக மட்டும் இருந்து யுவியைத் தடுக்காத கண்ணாடி போட்டால் கண்மணி விரிந்து, கதிர் கூடுதலாக உள்ளே போகும்.
5. மீதி இடத்துக்குச் சன்ஸ்கிரீன். மூட முடியாத முகம், காது, புறங்கை.

இரு சக்கர வாகனக்காரர்களுக்கு: புறங்கையும் முன்கையும்தான் முதலில் கருக்கும். கையுறையும் கைமூடியும் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. காரில் போகிறவர்களுக்கு: முன்கண்ணாடி யுவிஏவைப் பெரும்பாலும் தடுக்கும், பக்கக் கண்ணாடி பல வண்டிகளில் தடுக்காது. ஜன்னல் பக்கத்துக் கன்னத்தையும் கையையும் மறக்காதீர்கள்.

## சன்ஸ்கிரீன் பூசும் முறை

1. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். சரியான அளவில் பூசினால் எஸ்பிஎஃப் 30 யுவிபியில் சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். 50க்கு மேல் காசு கொடுப்பதில் பெரிய லாபமில்லை.
2. எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் யுவிபிக்கான கணக்கு. யுவிஏவுக்கு "பிஏ+++" போன்ற குறியைப் பாருங்கள்.
3. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இதுதான் அளவு. தினம் இரண்டு முறை பூசியும் 50 கிராம் குழல் இரண்டு மாதம் வருகிறதென்றால், நீங்கள் பூசுவது பாதி அளவுகூட இல்லை.
4. கிளம்ப 15 நிமிடம் முன்பு பூசுங்கள். காது மடல், பின்கழுத்து, வகிடு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.
5. வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். நம் ஊர் வியர்வையில் முகத்தைத் துடைத்தாலே பூசியது போய்விடும்.

மங்கு உள்ளவர்களுக்கு: மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல்நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீன் உங்களுக்கு ஏற்றது.

## வெயிலே தெரியாமல் சுடும் இடங்கள்

சூடும் புற ஊதாக் கதிரும் ஒன்றல்ல. உடம்பு சூட்டை உணரும், கதிரை உணராது. ஏமாறும் இடங்கள் மூன்று.

மலை: உயரம் 1,000 மீட்டர் கூடினால் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். குளிரில் வெயில் இதமாக இருக்கிறதென்று பகல் முழுக்கப் படகுத்துறையிலும் பூங்காவிலும் சுற்றிவிட்டு, மறுநாள் மூக்குத் தோல் உரிந்து நிற்பார்கள்.

மேகம்: மெல்லிய மேகம் வெளிச்சத்தைக் குறைத்தாலும் கதிரில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

கத்திரி முடிந்த பிறகு: அக்னி நட்சத்திரம் போனால் வெயில் போய்விட்டதாக நினைக்கிறோம். சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். ஆவணி வெயிலும் கத்திரிக்குச் சளைத்ததல்ல.

கைப்பேசி வானிலைச் செயலியில் "யுவி இன்டெக்ஸ்" என்ற எண் இருக்கும். 3 வந்தாலே தற்காப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 8க்கு மேல் மிக அதிகம், 11க்கு மேல் உச்சம். கோடை நண்பகலில் நம் ஊரில் 11ஐத் தாண்டுவது சாதாரணம்.

## கைக்குழந்தைக்கு வெயில்

- ஆறு மாதம் ஆகாத குழந்தையை நேர் வெயிலில் படுக்க வைக்காதீர்கள். சன்ஸ்கிரீனும் வேண்டாம். நிழலும் மெல்லிய துணியும் போதும்.
- பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையைக் காலை வெயிலில் காட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். மருத்துவமனையில் தருவது அளந்த நீல ஒளி. வெயிலை நம்பி நாள் கடத்தினால் மூளை பாதிக்கப்படலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.
- தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

## தோல் எரிந்துவிட்டால்

1. உடனே நிழலுக்கு வாருங்கள்.
2. பச்சைத்தண்ணீரில் நனைத்த துணியை 10 முதல் 15 நிமிடம் போடுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள்.
3. தண்ணீர், மோர், இளநீர் குடியுங்கள்.
4. வாசனை சேர்க்காத ஈரப்பதக் களிம்பு தடவுங்கள். பற்பசை, மஞ்சள், எலுமிச்சை எதுவும் வேண்டாம்.
5. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.
6. முழுதாக ஆறும்வரை அந்த இடத்தில் வெயில் படக் கூடாது.

கொப்புளம் பரவலாக இருந்தாலோ, காய்ச்சல், வாந்தி, நடுக்கம் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். வெயிலில் இருந்தவர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடம்பு அனலாய்க் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

## வெயில் போதவில்லை என்றால்

இரவுப் பணி, மூடிய அலுவலகம், உடல் மூடும் உடை, முதுமை இவற்றால் வெயில் கிடைக்காதவர்கள் வெயிலை விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. மத்தி, கானாங்கெளுத்தி, முட்டை மஞ்சள்கரு, செறிவூட்டிய பால் ஆகியவை ஓரளவு கைகொடுக்கும். உடல்வலியும் தசைத் தளர்ச்சியும் தொடர்ந்தால் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் குறைந்தால் குறைபாடு என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

எச்சரிக்கை: 60,000 யூனிட் மாத்திரையும் பொடியும் பொதுவாக வாரம் ஒன்று என்று எழுதித் தரப்படுபவை. தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். வெயிலால் வைட்டமின் டி மிகையாகாது, மாத்திரையால் ஆகும்.

## மாதம் ஒருமுறை தோலைப் பாருங்கள்

குளிக்கும் முன், நல்ல வெளிச்சத்தில், ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முதுகை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

1. முகம், காது, கீழுதடு: ஒரு மாதமாகியும் ஆறாத புண், அடிக்கடி ரத்தம் கசியும் பொருக்கு.
2. மச்சங்கள்: ஒருபக்கம் பெருத்தல், ஓரம் சிதறுதல், ஒன்றுக்கு மேற்பட்ட நிறம், வளர்ச்சி.
3. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடி: புதிதாக வந்த கருந்திட்டு அல்லது கருங்கோடு. நம் நிறத்தவருக்கு மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. இது வெயிலால் வருவதல்ல. ஆகவே வெயிலில் போகாதவர்களும் பார்க்க வேண்டும்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கைவைத்தியத்தில் நாளை ஓட்டாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகப்பட்ட இடத்தைப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துத் தேதியோடு வைத்திருங்கள். வளர்ந்ததா இல்லையா என்ற மருத்துவரின் முதல் கேள்விக்கு அந்தப் படமே பதில் சொல்லிவிடும்.